பத்துக் கால் மருமகள்

ஜுமாகுல்: இழு! இன்னும் கொஞ்சம் பலமா இழுடி!

அல்தினாய்: இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணி... ஆடாதீங்க.

ஜுமாகுல்: நான் எங்க ஆடுறேன்? என் சொந்தக் கால் ரெண்டும் சிவனேன்னு நிக்குது. மிச்ச எட்டைக் கேளு.

அல்தினாய்: எட்டு இல்ல, ஆறு. மேல இருக்கற ரெண்டும் கொடுக்கு.

ஜுமாகுல்: இப்ப அந்தக் கணக்குதான் ரொம்ப முக்கியம்! முதுகுல கொக்கி மாட்டிக்கிச்சு. வீட்டுக்குள்ள விருந்தாளிங்க டீக்கு உட்கார்ந்தாச்சு. டீ ஊத்த வேண்டிய மருமக இங்க கார் கொட்டகையில நண்டா நிக்கிறேன்...

அல்தினாய்: நண்டுன்னு சொல்லாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? முந்நூறு வருஷம் கழிச்சு வரப்போற மனுஷி.

ஜுமாகுல்: முந்நூறு வருஷம் கழிச்சு வர்றவளுக்கும் முதுகு அரிக்கும்டி. இந்தக் கொடுக்கால சொறியவும் முடியல... ஐயோ, கண்ணாடியில பாரேன்! என் மூக்கு மட்டும்தான் மனுஷ மூக்கு!

அல்தினாய்: சிரிக்காதீங்க, ஓடு விரிசல் விட்டுடும்! பசை இன்னும் சரியாக் காயல.

ஜுமாகுல்: நீ சிரிக்கறதை நிறுத்து, நானும் நிறுத்தறேன்.

அல்தினாய்: நான் சிரிக்கல. அழறேன். இன்னும் அரை மணி நேரத்துல, கண்காட்சிக்கு ஆள் எடுக்கற அந்தக் கொரியாக்கார அம்மா டீயை முடிச்சுட்டு இங்க வந்து நிப்பாங்க. இந்த உடம்பு இந்தக் கதவுலேர்ந்து முற்றத்து மல்பெரி மரம் வரைக்கும் நடக்கணும். யாரும் தொடக்கூடாது, விழக்கூடாது. விழுந்தா கொரியாவுல பூசான் ஊருக்குப் போறதும் இல்ல, கண்காட்சியும் இல்ல. திங்கக்கிழமை காலையில நகராட்சி ஆபீஸ்ல சாக்கடை வரைபடம் வரைய உட்காரணும். அப்பாகிட்ட ஒரு வருஷம்தானே கேட்டேன்? அது இன்னியோட சரி.

ஜுமாகுல்: நடக்க வேண்டியவ எங்க? அந்த நெசிபெலி?

அல்தினாய்: வரல.

ஜுமாகுல்: டான்ஸ் ஆடுறவளை நம்பினா இப்படித்தான். கால் சுளுக்கிக்கிட்டு வீட்ல படுத்திருப்பா.

அல்தினாய்: சுளுக்குன்னு நான் சொல்லவே இல்லையே?

ஜுமாகுல்: ...டான்ஸ்காரிக்கு வேற என்ன வரும்? பல்வலியா? நீ கொக்கியைப் பாரு. சும்மா ஒரு நிமிஷம் தையல் சரியா இருக்கான்னு பார்க்க உள்ள நுழைஞ்சேன். அதுக்கு இந்தத் தண்டனை.

அல்தினாய்: ஒரு நிமிஷம்னா தலைமுடியை எதுக்கு இப்படி இறுக்கிப் பின்னிக்கிட்டு வந்தீங்க?

ஜுமாகுல்: விருந்தாளி வர்ற நாள்ல விரிச்சுப் போட்டுக்கிட்டா திரிவாங்க? இழுடி... என்னடி நீ இழுக்கறது எனக்குத் தெரியவே மாட்டேங்குது?

அல்தினாய்: ஓடு கெட்டி அண்ணி. ஏழு அடுக்குக் கம்பளி. நீங்க தைச்சதுதானே.

ஜுமாகுல்: நான் தைச்சதுதான். தையல்ல குறை சொல்ல முடியாது. ஆனா இடுப்பு மட்டும்... அந்த நெசிபெலி ஒல்லிக்குச்சி. எனக்கு இப்படிப் பொருந்துதே, எப்படி?

அல்தினாய்: கம்பளி... காத்துல ஈரம் இருந்தா விரியும்.

ஜுமாகுல்: நம்ம நுகுஸ் ஊர்ல ஈரமா? மழை பெஞ்சே ஏழு மாசம் ஆச்சு.

அல்தினாய்: அண்ணி, நேரம் ஓடுது. கொக்கி வர்றப்ப வரட்டும். நீங்க அந்தக் கொரியா அம்மா மாதிரி கேள்வி கேளுங்க. நான் பதில் சொல்லிப் பார்த்துக்கறேன்.

ஜுமாகுல்: சரி. க்ர்ம்... பெண்ணே, மனுஷனுக்கு எதுக்கு இத்தனை கால்?

அல்தினாய்: அம்மா, எங்க கடல் வத்திப் போச்சு. அரால் கடலோட அடியில இப்ப இருக்கறது உப்பும் பொடி மணலும்தான். ரெண்டு காலு புதையும். எட்டுக் காலு பாரத்தைப் பகிர்ந்துக்கும், புதையாது.

ஜுமாகுல்: மார்புல என்ன இது, சால்வை ஓரத்துக் குஞ்சம் மாதிரி?

அல்தினாய்: அது சின்னக் கால்கள். உப்புத் தண்ணியில மிஞ்சியிருக்கறது ஒரு பொடி இறால் மட்டும்தான். மல்லாக்கப் படுத்துக்கிட்டு நீந்தும். காலாலயே மூச்சு விடும், காலாலயே சாப்பாட்டைத் தள்ளிக்கும். எங்க அண்ணன் ஒரு பாட்டில்ல பிடிச்சுக்கிட்டு வந்து கொடுத்தாரு. அதைப் பார்த்துதான் செஞ்சேன்.

ஜுமாகுல்: காலாலயே மூச்சு, காலாலயே சாப்பாடு... அப்ப வாய் எதுக்கு?

அல்தினாய்: பேச.

ஜுமாகுல்: அப்ப உன்னைப் பார்த்துத்தான் செஞ்சிருக்கே.

அல்தினாய்: அண்ணி!

ஜுமாகுல்: கொரியா அம்மா கேக்கறாங்க, குறுக்கப் பேசாதே. கொடுக்கு எதைப் பார்த்து செஞ்சே?

அல்தினாய்: ஆத்துல பிடிச்ச சிங்கிறால். ஆராய்ச்சிக்குன்னு பதினாலு வளர்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து பார்த்தா தொட்டி காலி. அப்பா பீர் பாட்டிலோட உட்கார்ந்திருக்காரு, தட்டுல ஓடு மட்டும் இருக்கு.

ஜுமாகுல்: நான் என்ன பண்ணுவேன்? மாமா கேட்டாரு, வேகவெச்சேன். ஆராய்ச்சின்னு தொட்டியில எழுதி ஒட்டியிருக்கக் கூடாதா? ஒரு வாரம் என்கூட நீ பேசல.

அல்தினாய்: தட்டுல கிடந்த அந்த ஓட்டைப் பார்த்துத்தான் மூட்டு எப்படி மடங்குதுன்னே புரிஞ்சுது. அதுக்காக ஒரு வாரம் கழிச்சு மன்னிச்சேன்.

ஜுமாகுல்: அடுத்த கேள்வி. சாப்பாட்டு விரிப்பைச் சுத்தி எப்படி உட்காருவாங்க? நாலு பேர் உட்கார்ற இடத்தை ஒருத்தி அடைச்சுப்பா.

அல்தினாய்: மடிச்சுக்கலாம். இதோ, இந்த பிரேக் ஒயரை இழுத்தா...

ஜுமாகுல்: ஏய் ஏய் ஏய்!

அல்தினாய்: ...உட்கார்ந்துட்டீங்க.

ஜுமாகுல்: சொல்லிட்டு இழுடி! சரி, கல்யாண வீடுன்னு வை. வாசல்ல செருப்பு விடணும். ஆளுக்கு எட்டு. திரும்பப் போறப்ப தன் செருப்பைத் தேடி எடுக்கறதுக்குள்ள அந்தக் கல்யாணப் பொண்ணுக்குப் பேரன் பிறந்துடுவான்.

அல்தினாய்: ஐயோ... வயிறு வலிக்குது அண்ணி. நிறுத்துங்க...

ஜுமாகுல்: கண்ணு எதுக்கு இப்படிக் காம்பு மேல உட்கார்ந்திருக்கு?

அல்தினாய்: எல்லாப் பக்கமும் பார்க்க. தலையைத் திருப்பாமயே பின்னாடி யாரு வர்றாங்கன்னு தெரியும்.

ஜுமாகுல்: ...இரு இரு. அப்ப ஒரு மருமக பெரியவங்க முன்னாடி தலையைக் குனிஞ்சுக்கிட்டே நிக்கலாம். ஆனா அறை முழுக்க யாரு யாரைப் பார்த்து முகம் சுளிக்கறாங்கன்னு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டிருக்கலாம்?

அல்தினாய்: ஆமா!

ஜுமாகுல்: இதை முதல்ல சொல்லு அந்த அம்மாகிட்ட. மணல், உப்பு எல்லாம் அப்புறம். இந்த வீட்டுக்கு வந்த ஒன்பது வருஷமா இந்தக் கண்ணு கிடைக்காதான்னு இருந்தேன். ஓடு? ஓடு உரிக்குமா?

அல்தினாய்: வருஷத்துக்கு ஒரு தடவை உரிச்சுப் போட்டுடுவாங்க. பழைய ஓட்டை விட்டுட்டுப் பின்பக்கமா வெளிய வரணும். புது ஓடு கெட்டியாக மூணு நாள் ஆகும். அந்த மூணு நாளும் உடம்பு பஞ்சு மாதிரி.

ஜுமாகுல்: அந்த மூணு நாள் சமையல் யாரு?

அல்தினாய்: யாராவது. உரிச்சவ இல்ல. அவளை யாரும் எழுப்பக்கூடாது, கூப்பிடக்கூடாது, திட்டக்கூடாது. திட்டினா அந்தத் திட்டு பள்ளமாப் பதிஞ்சுடும். வருஷம் பூரா ஓட்டுல தெரியும்.

ஜுமாகுல்: என்னை இப்பவே அப்படி ஆக்கிடு. கத்தி எங்க இருக்கு? பசை எங்க?

அல்தினாய்: ஒரு கை போனா மறுபடி முளைக்கும் வேற.

ஜுமாகுல்: அது வேணாம். முளைச்சா அதுக்கும் ஒரு வேலை வெப்பாங்க.

அல்தினாய்: ...உங்களைத்தான் அண்ணி பேச விடணும் அவங்ககிட்ட. நான் சொன்னா பாடம் ஒப்பிக்கற மாதிரி இருக்கு.

ஜுமாகுல்: நானா? கொரியா அம்மாகிட்டயா? 'இதைச் செஞ்சது யாரு'ன்னு முதல் கேள்வி கேட்டாலே நான் மாட்டிக்குவேன். உன் பேரை நான் சொல்ல முடியுமா? புருஷன் வீட்டாளுங்க பேரு என் வாயில வரலாமா? ஒன்பது வருஷமா நீ எனக்கு நெட்டச்சி. 'நெட்டச்சி செஞ்சா'ன்னு சொன்னா அப்படியே எழுதிக்கிட்டுப் போயிடுவாங்க.

அல்தினாய்: நெட்டச்சின்னே எழுதட்டும். ...அண்ணி, பூசான்ல கண்காட்சிக் கூடத்துக்கு ஜன்னல் எந்தப் பக்கம் தெரியுமா?

ஜுமாகுல்: எந்தப் பக்கம்?

அல்தினாய்: கடல் பக்கம்.

ஜுமாகுல்: ...நிஜக் கடலா?

அல்தினாய்: நிஜக் கடல். அலையோட. நண்டோட.

ஜுமாகுல்: நான் மொய்னாக்ல பிறந்தவடி. துறைமுகத்துலயே பிறந்தவ. மணல்ல நிக்கற கப்பல் மேல ஏறி ஏறி என் பாவாடையெல்லாம் துரு. தண்ணியில நிக்கற கப்பலை ஒரு தடவை கூடப் பார்த்ததில்ல. சீ, போ. அழ வெக்காதே. இந்தக் கொடுக்கால கண்ணைத் துடைச்சா கண்ணே போயிடும்.

அல்தினாய்: டிக்கெட் ரெண்டு. செஞ்சவளுக்கு ஒண்ணு, போட்டுக்கிட்டு நடக்கறவளுக்கு ஒண்ணு.

ஜுமாகுல்: தெரியும்... நெசிபெலிக்குக் கொடுத்துவெச்சிருக்கு.

பெர்தெபாய்: அல்தினாய்! கதவு ஏன் சாத்தியிருக்கு?

ஜுமாகுல்: ஐயோ, மாமா! என்னை மூடு! எதையாவது போட்டு மூடு!

அல்தினாய்: பத்துக் காலை எதைப் போட்டு மூடறது? பேசாம நில்லுங்க. மூச்சு விடாதீங்க. ...வர்றேம்பா!

பெர்தெபாய்: மருமக எங்க? விருந்தாளிங்களுக்கு டீ ஊத்த ஆளக் காணோம். உங்கம்மா ஊத்தினா கிண்ணம் நிறைய ஊத்திடறா. நம்ம வழக்கத்துல அது எப்ப எழுந்து போவீங்கன்னு கேக்கற மாதிரி ஆயிடுது.

அல்தினாய்: அண்ணி ரொட்டி வாங்கப் போயிருக்காங்கப்பா.

பெர்தெபாய்: வீட்ல நாப்பது ரொட்டி கிடக்கு.

அல்தினாய்: ...இன்னும் நல்ல ரொட்டி.

பெர்தெபாய்: ஓகோ. ...அட! அடடடா! இதுவா? இதுக்காகவா ஒரு வருஷமா என் சைக்கிளுக்கு பிரேக் இல்லாம இருக்கு?

அல்தினாய்: நல்லா இருக்காப்பா?

பெர்தெபாய்: நல்லாவா? எனக்குப் பசிக்குதும்மா, பீர் இருந்தா நல்லாருக்கும். கொடுக்கைப் பாரேன்! ...உள்ள ஆளு இருக்கா என்ன?

அல்தினாய்: நெசிபெலிப்பா. டான்ஸ் ஆடுற பொண்ணு.

பெர்தெபாய்: அப்படியா! நல்லா இருக்கியாம்மா நெசிபெலி? ...ஏம்மா, பேசாதா?

அல்தினாய்: பேசக்கூடாதுப்பா. அந்தக் காலத்துல... வரப்போற காலத்துல... காலாலதான் பேசுவாங்க.

பெர்தெபாய்: ...அட.

அல்தினாய்: என்னப்பா?

பெர்தெபாய்: குனிஞ்சாளே. எட்டுக் காலையும் மடக்கி, கொடுக்கு ரெண்டையும் முழங்காலுக்குக் கொண்டுவந்து, எனக்கு வணக்கம் வெச்சாளே.

அல்தினாய்: அது... நெசிபெலிக்கு மரியாதை ஜாஸ்திப்பா!

பெர்தெபாய்: ம். தெரியுது. நூறு வருஷம் நல்லா இரும்மா... நெசிபெலி.

அல்தினாய்: சரிப்பா, நீங்க போங்க, அவங்க காத்திருப்பாங்க...

பெர்தெபாய்: போறேன், போறேன். ஒண்ணு மட்டும் நெசிபெலிகிட்ட சொல்லிடு. எங்க வீட்ல ஒரு மருமக இருக்கா. ஒன்பது வருஷமா தினம் காலையில எனக்கு வணக்கம் வெக்கறா. வலது முழங்கால் பிடிச்சுக்கும், அதனால குனியறப்ப இடது பக்கம் கொஞ்சம் சாய்வா. இந்த நெசிபெலிக்கும் அதே முழங்கால் வலி போலிருக்கு. முதல் அடி இடது காலை வெக்கச் சொல்லு. அப்பதான் மரம் வரைக்கும் போய்ச் சேருவா.

அல்தினாய்: ...சொல்றேம்பா.

பெர்தெபாய்: டீயை நானே ஊத்திக்கறேன். உங்க அண்ணன் சாயந்தரம் வேலை பாக்கற எரிவாயு நிலையத்துலேர்ந்து போன் பண்ணுவான். நெசிபெலி பூசான் போறதைப் பத்தி அவன்கிட்ட நான் பேசிக்கறேன்.

அல்தினாய்: நெசிபெலி போறதுக்கு அண்ணன்கிட்ட எதுக்குப்பா பேசணும்?

பெர்தெபாய்: சும்மாதான். சொல்லி வெப்போமேன்னுதான். கால் மணி நேரத்துல எல்லாரையும் கூட்டிக்கிட்டு வர்றேன்.

அல்தினாய்: ...போயிட்டாரு. அண்ணி? அண்ணி, உயிரோட இருக்கீங்களா?

ஜுமாகுல்: மாமனாருக்கு... பத்துக் காலோட... வணக்கம் வெச்சேன்டி!

அல்தினாய்: உங்களை யாரு குனியச் சொன்னா?

ஜுமாகுல்: யாரும் சொல்லல! அவரைப் பார்த்ததும் முதுகு தானாக் குனிஞ்சிடுச்சு! முந்நூறு வருஷம் தாண்டிப் போனாலும் இந்த முதுகு என்கூடவே வந்துடும் போலிருக்கு! சிரிக்காதேடி, எனக்குக் காலெல்லாம் நடுங்குது, நீ செஞ்ச காலும் சேர்ந்து நடுங்குது, பாரு, கொட்டகையே கடகடன்னு ஆடுது...

அல்தினாய்: அண்ணி. இப்ப ஒரே வழிதான். கொக்கி வரப்போறதில்ல. நெசிபெலியும் வரப்போறதில்ல. நீங்கதான் நடக்கணும்.

ஜுமாகுல்: நானா! வேற ஆளே இல்லையா?

அல்தினாய்: மாட்டிக்கிட்டவங்கதானே நடக்க முடியும்?

ஜுமாகுல்: என்ன பண்றது... மாட்டிக்கிட்டேனே. தலையெழுத்து. ரெண்டாவது ஜோடிக் கால் ஒயரை இழுக்க இடது மோதிர விரல், நாலாவதுக்கு சுண்டு விரல், சரிதானே? தையல் மிஷின் மிதிக்கற மாதிரி, ஒண்ணு மேல, ஒண்ணு கீழ?

அல்தினாய்: நான் இன்னும் சொல்லித் தரவே இல்லையே அண்ணி?

ஜுமாகுல்: ...கதவைத் திறடி. வர்றாங்க, சத்தம் கேக்குது.

அல்தினாய்: இடது கால். தொடமாட்டேன், பக்கத்துலயே வர்றேன். எல்லாரும் படிக்கட்டுல நிக்கறாங்க. அந்தக் கொரியா அம்மா வாயைப் பொத்திக்கிட்டாங்க... நல்லதுக்கா கெட்டதுக்கான்னு தெரியல. ஒண்ணு... ரெண்டு... ஆஹா... மூணு...

ஜுமாகுல்: எண்ணாதே, எனக்கு சிரிப்பு வருது.

அல்தினாய்: அஞ்சு... அண்ணி, ஒண்ணு சொல்றேன். விழமாட்டேன்னு சொல்லுங்க.

ஜுமாகுல்: எட்டுக் கால்ல போறவ எப்படிடி விழுவா? சொல்லு.

அல்தினாய்: நெசிபெலிக்கு சுளுக்கு இல்ல. நேத்து யாரோ போன் பண்ணி, வரவேணாம்னு சொன்னாங்களாம். கால் நிக்குது! நடங்க, நடங்க! ...யாரு சொல்லச் சொன்னதுன்னு அவ கேட்டாளாம். 'எங்க வீட்டு நெட்டச்சி'ன்னாங்களாம். எந்த நெட்டச்சின்னு மூணு தடவை கேட்டும் பேர் வரலையாம். 'இந்த நுகுஸ்ல அப்படி ஒரு ஆளுதான் உன் பேரைச் சொல்லமாட்டாங்க'ன்னு எனக்கு உடனே போன் பண்ணிட்டா.

ஜுமாகுல்: பாழாப்போன வழக்கம்! பொய் சொல்றப்பவாவது உன் பேரைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, வெளிய வரல... தெரிஞ்சும் நீ ஏன் திட்டல?

அல்தினாய்: எப்படித் திட்டுவேன்? ஒன்பதாவது அடி... இந்த ஓடு நெசிபெலிக்கு ஒருநாளும் பொருந்தாது. மொத நாளே உங்க நீலச் சட்டையை எடுத்து அளந்துதான் வெட்டினேன். வாயைத் திறந்து கேட்டா 'நான் எப்படிடி வர்றது'ன்னு சொல்லிடுவீங்க. பத்து... பதினொண்ணு... அப்புறம் அந்தக் கொக்கி. அது மாட்டிக்கவே இல்ல அண்ணி. நான் இழுக்கவே இல்ல.

ஜுமாகுல்: மரம் எவ்வளவு தூரம்?

அல்தினாய்: நாலு அடி. மூணு. கோவமா?

ஜுமாகுல்: பேசாதே. சுண்டு விரல் வழுக்குது... ம்... ம்... தொட்டுட்டேனா?

அல்தினாய்: கொடுக்கால தொட்டுட்டீங்க! மரத்தைத் தொட்டுட்டீங்க அண்ணி! கை தட்டறாங்க பாருங்க!

பெர்தெபாய்: அல்தினாய்! நல்ல சேதி சொன்னா எனக்கு என்ன தருவே?

அல்தினாய்: சைக்கிளுக்குப் புது பிரேக்! சொல்லுங்கப்பா, சீக்கிரம்!

பெர்தெபாய்: ரெண்டு டிக்கெட்டாம்! நடந்தவ பேரை எழுதணும்னு இந்த அம்மா பேனாவோட நிக்கறாங்க. என்ன எழுதச் சொல்லட்டும்? நெசிபெலின்னா?

அல்தினாய்: ஜுமாகுல்னு எழுதச் சொல்லுங்கப்பா!

பெர்தெபாய்: அதைத்தான் எழுதச் சொல்லியாச்சு. சும்மா கேட்டேன்.

அல்தினாய்: அண்ணி... அழறீங்களா? சிரிக்கறீங்களா? ஓட்டுக்குள்ள ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. உங்களை ஏமாத்தினதுக்குக் கோவம்னா ரெண்டு அடி அடிச்சுடுங்க. கொடுக்காலயே அடிங்க.

ஜுமாகுல்: யாரு யாரை ஏமாத்தினா? தையக்காரிக்குத் தன் இடுப்பளவு தெரியாதாடி? வெட்டின கம்பளியை நீ கையில கொடுத்த அன்னிக்கே தெரியும். நீ கடைக்குப் போறப்பெல்லாம் உள்ள நுழைஞ்சு நடந்து பார்த்திருக்கேன். உள்ளேர்ந்து திறக்கற கயிறு இதோ, என் இடது அக்குள்ல இருக்கு. நானேதான் வெச்சுத் தைச்சேன். ஒரே இழுப்புல வெளிய வந்திருப்பேன்... நீ இழுக்கறதை விட்டுட்டு, 'சரி அண்ணி, நீங்க போய் டீ ஊத்துங்க'ன்னு சொல்லிடுவியோன்னுதான் மாட்டிக்கிட்டேன்னு அவ்வளவு கத்தினேன்.